கூரை எதற்கு? மெய்நிகர் வகுப்பறை பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் கல்வியியல் கல்லூரியில் ஆசிரியர் பயிற்சிக்காக ஒரு மெய்நிகர் உலகம் உருவாக்கச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் கட்டடத்தையே வகுப்பறை, நூலகம், கருத்தரங்கக் கூடத்தோடு அச்சு அசலாகக் கட்டிவிடலாம் என்பது முதல்வரின் ஆசை. எங்கிருந்து தொடங்குவது?
– உதவிப் பேராசிரியர், திருநெல்வேலி

பதில்: முதல்வரிடம் எப்படிப் பக்குவமாகச் சொல்வீர்களோ தெரியாது, ஆனால் அந்தக் கட்டடத்தை மட்டும் கட்டாதீர்கள். நான் கட்டிப் பட்டவன். 2008 வாக்கில் செகண்ட் லைஃபில் (பலரும் இணையம் வழியே நுழைந்து நடமாடி, பேசி, கட்டிக்கொள்ளும் ஒரு மெய்நிகர் உலகம்) ஒரு கூடம் கட்டினேன். வரிசையாக பெஞ்சு, மேடை, கரும்பலகை, மேலே ஃபேன் கூட உண்டு, அது சுற்றவே ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்தேன். வந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வாசலிலேயே முட்டி மோதிக்கொண்டு நின்றார்கள். அங்கே நாம் பார்ப்பது அவதாரின் (திரையில் நமக்குப் பதிலாக நடமாடும் உருவம்) பிடரிக்குப் பின்னால், கொஞ்சம் உயரத்தில் மிதந்துகொண்டே வரும் ஒரு கேமரா வழியாக. அறையை நிஜ அளவில் கட்டினால் கேமரா சுவரிலும் கூரையிலும் போய் இடிக்கும், திரையில் செங்கல்தான் தெரியும். அங்கே பழுத்தவர்கள் கதவை லாரி நுழைகிற அளவுக்கு வைப்பார்கள், கூரையைப் பனைமர உயரத்துக்குத் தூக்குவார்கள், பலர் கூரையே போட மாட்டார்கள். மழையா வரப்போகிறது?

பெஞ்சும் அப்படித்தான். அவதாருக்குக் கால் வலிக்காது.

கட்டடத்தைவிட முக்கியமானது தூரம். செகண்ட் லைஃபில் தட்டச்சு செய்து பேசினால் 20 மீட்டர் வரை கேட்கும், கிசுகிசுத்தால் 10 மீட்டர், கத்தினால் 100 மீட்டர். ஒரு நிலத்துண்டு 256க்கு 256 மீட்டர். நாலு குழுக்களாகப் பிரித்து விவாதிக்க விட நினைத்தால் நாலு அறை கட்டிப் பயனில்லை, சுவர் பேச்சைத் தடுக்காது, பக்கத்துக் குழு பேசுவதெல்லாம் உங்கள் திரையில் வந்து விழும். நாலு மூலையில் நாலு மரம் நட்டு, மரத்தடிக்கு ஒரு குழு என்று அனுப்புங்கள். வேலை முடிந்தது. பின்னால் வந்த கேதர் மாதிரியான இணையச் சந்திப்புத் தளங்களிலும் இதே கதைதான், அருகில் போனால் குரல் கேட்கும், விலகினால் மங்கும். நீங்கள் எந்தத் தளத்துக்குப் போனாலும் முதலில் இந்த ஒன்றைச் சோதித்துவிட்டு அப்புறம் வரைபடம் போடுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்றுதானே கேட்டீர்கள்? ஒரு வெள்ளைத்தாளில், வந்து இறங்குகிற ஆசிரியர் முதல் இரண்டு நிமிடம் என்ன செய்வார், அடுத்த இருபது நிமிடம் என்ன செய்வார் என்று எழுதுங்கள். ‘சுற்றிப் பார்ப்பார்’ என்பதைத் தவிர ஒன்றும் எழுத வரவில்லை என்றால் இன்னும் கட்டுவதற்கு நேரம் வரவில்லை.

கேள்வி: எங்கள் ஆசிரியர் குழுவின் பாடக்குறிப்பு, வினாத்தாள், வீடியோ எல்லாம் கூகுள் டிரைவில் கிடக்கிறது. யாரும் திறப்பதில்லை. இதையே நடந்துபோய் எடுக்கும்படி ஒரு முப்பரிமாண நூலகமாக மாற்றினால் ஆர்வம் வருமா?
– பட்டதாரி ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: முதல் நாள் வரும். இரண்டாம் நாள், டிரைவில் ஒரே கிளிக்கில் கிடைத்த வினாத்தாளுக்காக மாடிப்படி ஏற வைக்கிறாயே என்று திட்டுவார்கள் டீச்சர். கோப்பு டிரைவிலேயே இருக்கட்டும்.

விதிவிலக்கு ஒன்று சொல்கிறேன். 2020 மார்ச்சில், எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு கனசதுரங்களை அடுக்கிக் கட்டும் மைன்கிராஃப்ட் விளையாட்டுக்குள் ஒரு பெரிய நூலகத்தைத் திறந்தது. சில நாடுகளில் தடை செய்யப்பட்ட கட்டுரைகளை அங்கே விளையாட்டுக்குள் திறந்து படிக்கும் புத்தகங்களாக அலமாரியில் வைத்தார்கள். இணையதளத்தை முடக்கிய அரசுகள் மைன்கிராஃப்டை முடக்கவில்லை, எனவே அங்கே நடந்துபோய்ப் படிப்பதற்கு ஒரு காரணம் இருந்தது. உங்கள் வினாத்தாளுக்கு அப்படி ஒரு காரணம் இருக்கிறதா?

ஆனால் உங்கள் சிக்கல் கோப்பில் இல்லை என்று நினைக்கிறேன். யார் எதைப் பயன்படுத்தினார்கள், வகுப்பில் எது எடுபட்டது, எது சொதப்பியது என்று பேச ஆளில்லை, அதனால்தான் யாரும் திறப்பதில்லை. செகண்ட் லைஃபில் ஐஎஸ்டிஇ என்ற அமெரிக்கக் கல்வித் தொழில்நுட்ப அமைப்புக்கு ஒரு தீவு இருந்தது. புதிதாக வரும் ஆசிரியரை வரவேற்று, நடக்கக் கற்றுக்கொடுத்து, சட்டை மாற்றக் கற்றுக்கொடுத்து (இதுதான் ரொம்பக் கஷ்டம்), எங்கே போகலாம் என்று சொல்லியனுப்ப அங்கே தன்னார்வ ஆசிரியர்கள் முறைபோட்டு நின்றார்கள். கட்டடம் அழகாக இருந்தும் ஆள் இல்லாத தீவுகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஈ, காக்கை கிடையாது, ஒரு பதாகையில் மட்டும் ‘வருக வருக’. நீங்கள் வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், அரை மணி என்று வையுங்கள், அந்த வாரத்துக்கு வேண்டிய இரண்டே இரண்டு இணைப்புகளை மட்டும் அங்கே பலகையில் மாட்டுங்கள். பேசவே கூடினால் போதும், இடம் மொட்டைத் திடலாக இருந்தாலும் வருவார்கள்.

கேள்வி: அறிவியல் பாடத்துக்கு இதில் உருப்படியாக எதையாவது செய்திருக்கிறார்களா, இல்லை எல்லாம் காட்சிப்பொருள்தானா?
– முதுகலை ஆசிரியர், ஈரோடு

பதில்: செய்திருக்கிறார்கள், நன்றாகவே. டெக்சஸ் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தின் மேரி ஆன் கிளார்க், செகண்ட் லைஃபில் ஜீனோம் தீவு என்று ஒன்று அமைத்தார். மரபியலுக்கு அடித்தளமிட்ட துறவி மெண்டலின் மடமும் பட்டாணித் தோட்டமும் அங்கே உண்டு. மாணவர் தானே செடிகளைக் கலப்பினம் செய்வார், அடுத்த தலைமுறை வரும், எண்ணிப் பார்த்து விகிதம் போடுவார். மெண்டலுக்கு வருடக்கணக்கில் ஆன வேலை ஒரு பீரியடுக்குள் முடிகிறது, எண்ணுகிற வேலையோ மாணவர் தலையில். மூன்றுக்கு ஒன்று என்ற அந்த விகிதத்தைப் பலகையில் எழுதிப்போட்டிருந்தால் அதற்கு ஒரு தீவு தேவையில்லையே.

இன்னொன்று ஹார்வர்டின் கிறிஸ் டீட் குழு செய்த ரிவர் சிட்டி. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க ஊர், ஜனங்களுக்கு நோய். தண்ணீராலா, கொசுவாலா, காற்றாலா? மாணவர்கள் ஊர்க்காரர்களிடம் விசாரித்து, தண்ணீரைச் சோதித்து, வேறு வேறு பருவங்களில் வந்து கணக்கெடுத்து, ஒரு கருதுகோளைச் சோதித்துப் பார்த்து, கடைசியில் நகரத் தலைவருக்குக் கடிதம் எழுத வேண்டும். எனக்கு மிகப் பிடித்தது இந்தக் கடிதம்தான். எழுத உட்காரும்போதுதானே தன்னிடம் ஆதாரம் இருக்கிறதா, வெறும் ஊகமா என்பது மாணவருக்கே தெரியும்?

மூன்றாவதாக, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் மனநல மருத்துவர் பீட்டர் யெல்லோலீஸ் அமைத்த ஒரு மருத்துவமனை. அதற்குள் நடந்தால் உங்கள் காதில் யாரோ உங்களைத் திட்டுவார்கள், பார்க்கும் பொருளெல்லாம் மாறும். மனச்சிதைவு நோயாளி அனுபவிப்பதை மாணவருக்குக் காட்டவே அது. புத்தகத்தில் ‘செவிப்புல மாயை’ என்று ஒரு வரி, அங்கே ஐந்து நிமிடத்தில் வெளியே ஓடிவந்துவிடத் தோன்றும்.

கேள்வி: எங்கள் பள்ளி லேபில் பத்து கம்ப்யூட்டர், எல்லாம் பழசு. இன்டர்நெட் வந்தால் வரும். பணமும் கிடையாது. எங்களுக்கெல்லாம் இது எட்டாக் கனியா?
– கணினி ஆசிரியர், அரசு மேல்நிலைப் பள்ளி

பதில்: லுவாண்டி. முன்பு மைன்டெஸ்ட் என்ற பெயரில் இருந்தது, 2024இல் பெயர் மாற்றினார்கள். மைன்கிராஃப்ட் போலவே கனசதுரம் கனசதுரமாகக் கட்டுவது, இலவசம், திறந்த மூலம், பழைய கணினியிலும் ஓடும். ஒரு கணினியை சர்வராக வைத்து மற்ற ஒன்பதையும் லேப் நெட்வொர்க்கிலேயே இணைக்கலாம், வெளி இன்டர்நெட் வேண்டாம், அந்நியர் யாரும் உள்ளே வரவும் முடியாது. கணக்கு டீச்சரைக் கூட்டு சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பிளாக் ஒரு மீட்டர் என்பதால் பரப்பளவு, கன அளவு இரண்டையும் கட்டியே காட்டலாம். பள்ளி மைதானத்தை டேப் பிடித்து அளந்து வந்து உள்ளே அமைக்கச் சொல்லுங்கள். (மேலே கட்டடத்தைக் கட்டாதே என்றேன், இங்கே கட்டு என்கிறேன். கட்டுவது மாணவர்கள் என்றால் அது பாடம், நீங்கள் என்றால் வெட்டிவேலை.)

அறிவிப்புப் பலகையில் தமிழை முதலில் எழுதிப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறி விழுந்தால் மல்லுக்கட்ட வேண்டாம், எழுத்தைப் படமாக்கிப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: கஷ்டப்பட்டுக் கட்டியபிறகு கம்பெனி மூடிவிட்டால்?
– ஒரு சந்தேகப் பிராணி, மதுரை

பதில்: சந்தேகம் நியாயம்தான். இதே மாதிரி மெய்நிகர் கூடுமிடங்களில் ஆல்ட்ஸ்பேஸ் 2023 மார்ச்சில் மூடியது, மொஸில்லா ஹப்ஸ் 2024 மே மாதக் கடைசியில். மூடாமலே நோகடிக்கவும் முடியும். செகண்ட் லைஃபை நடத்தும் லிண்டன் லேப், கல்வி நிறுவனங்களுக்குக் கொடுத்த பாதி விலைச் சலுகையை நிறுத்தப்போவதாக 2010 அக்டோபரில் அறிவித்தது. ஒரு நிலத்துண்டுக்கு மாதம் சுமார் 150 டாலர் கொடுத்தவர்கள் 300 கொடுக்க வேண்டி வந்தது. 2013இல் சலுகையைத் திருப்பித் தந்தார்கள், அதற்குள் பலர், செகண்ட் லைஃப் போன்ற உலகத்தைச் சொந்த சர்வரிலேயே நடத்த உதவும் திறந்த மூல மென்பொருளான ஓப்பன்சிமுலேட்டருக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். அதில் மொத்த நிலத்தையும் ஒரே கோப்பாகச் சேமித்து இன்னொரு சர்வரில் இறக்கலாம். லுவாண்டியிலும் உங்கள் உலகம் ஒரு ஃபோல்டர்தான், பென் டிரைவில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போகலாம். ஆகவே தளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் கேள்வியாக ‘கிளம்பும்போது எதை எடுத்துப் போக முடியும்’ என்று கேளுங்கள். மூட்டை கட்ட முடியாத இடத்தில் குடிசையைவிடப் பெரிதாக எதையும் கட்டாதீர்கள்.

கேள்வி: தலையில் மாட்டும் விஆர் கருவி அவசியமா?
– வாசகர், சேலம்

பதில்: மேலே சொன்ன எதற்கும் வேண்டாம்.

கேள்வி: எட்டாம் வகுப்புப் பையன்கள் நான் கட்டிவைத்ததையெல்லாம் உடைத்துத் தள்ளுகிறார்கள். என்ன செய்ய?
– ஆசிரியை, காரைக்குடி

பதில்: மைன்கிராஃப்டின் கல்விப் பதிப்பு என்றால் அதில் தடுப்பு பிளாக் இருக்கிறது, தரைக்கடியில் பதித்துவிட்டால் அதற்கு மேலே மாணவர்கள் கட்டவும் முடியாது, உடைக்கவும் முடியாது. லுவாண்டி என்றால் ஒவ்வொருவரின் உரிமையையும் சர்வரிலிருந்து பறிக்கலாம், திருப்பித் தரலாம். இரண்டுக்கும் முன்னால், ஊருக்கு வெளியே ஒரு பெரிய மண்மேட்டைக் குவித்து வைத்து, முதல் பத்து நிமிடம் இதை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்று விட்டுப் பாருங்கள். என் ஃபேனை முதல் நாளே கழற்றித் தரச் சொல்லிக் கேட்டவர், பெஞ்சில் ஏறி நின்ற ஒரு தலைமையாசிரியர்.