16 அடி உயர ஷெட்டில் பரண்: எதை மேலே ஏற்றலாம், எதை ஏற்றக்கூடாது?

கேள்வி: கோவை கணபதியில் வாடகை ஷெட்டில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறேன். அளவு 20-க்கு 40 அடி. பக்கச் சுவர் 16 அடி, நடு முகடு 20 அடி, மேலே சிமென்ட் ஷீட். மூன்று லேத், ஒரு மில்லிங், ஒரு டிரில்லிங் போக நடக்கவே இடமில்லை. ராடுகள் சுவரில் சாய்ந்து நிற்கின்றன, வாடிக்கையாளர்களின் மரப் பேட்டர்ன்கள் (வார்ப்புக்கு அச்சு எடுக்கும் மாதிரிகள்) மூலைக்கு மூலை குவிந்து கிடக்கின்றன. தலைக்கு மேலே இடம் சும்மாதானே கிடக்கிறது? ட்ரஸ்ஸிலிருந்து (கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டம்) கம்பி இறக்கி, தொங்கும் பரண் போட்டுத் தருகிறேன் என்கிறார் ஒரு ஃபேப்ரிகேட்டர். போடலாமா?

பதில்: பரண் போடலாம். ட்ரஸ்ஸில் தொங்கவிடுவது மட்டும் வேண்டாம். பரண் தன் சொந்தக் காலில் நின்று, எடையை நேராகத் தரைக்கு இறக்க வேண்டும்.

அந்த ட்ரஸ்ஸை எதற்காகப் போட்டார்கள் என்று பாருங்கள். ஷீட்டின் எடை, காற்றின் தள்ளல், எப்போதாவது ஷீட் மாற்ற ஏறும் ஓரிரு ஆட்கள், அவ்வளவுதான். கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875-இன் இரண்டாம் பாகம், ஆள் புழங்காத கூரைக்குச் சதுர மீட்டருக்கு சுமார் 75 கிலோ சுமை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. சரிவு 10 டிகிரியைத் தாண்டினால், டிகிரிக்கு 2 கிலோ வீதம் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் 40 கிலோவுக்குக் கீழே போகக்கூடாது. உங்கள் கூரை 10 அடிக்கு 4 அடி ஏறுகிறது, அதாவது கிட்டத்தட்ட 22 டிகிரி. ஆக, சதுர மீட்டருக்கு 50 கிலோ. 800 சதுர அடி, அதாவது 74 சதுர மீட்டர் கூரை முழுவதற்கும் சேர்த்தால் நாலு டன்கூட வராது.

இப்போது பரண் பக்கம் வாருங்கள். 20-க்கு 10 அடியில் ஒன்று போட்டால் பரப்பு 18.6 சதுர மீட்டர். 5 மி.மீ. செக்கர் பிளேட் (வழுக்காத இரும்புத் தகடு) சதுர மீட்டருக்கு 40 கிலோவுக்கு மேல் வரும். பிளேட் மட்டுமே முக்கால் டன். அதன் மேல் சதுர மீட்டருக்கு வெறும் 300 கிலோ சாமான் வைத்தாலும் ஐந்தரை டன் ஆகிவிடும். மொத்தக் கூரைக்கும் போட்ட கணக்கைவிட அதிகமான எடையை, அதில் கால்வாசிப் பரப்பில் தொங்கவிடப் போகிறீர்கள். அதுவும் ட்ரஸ்ஸின் கீழ்க் கம்பியில்! அது இழுவிசை தாங்கப் போட்ட ஒல்லி ஆங்கிள். ஜாயின்ட் இல்லாத இடத்தில், நடுவில் தொங்கவிட்டால் வளையத்தான் செய்யும். ட்ரஸ்ஸில் செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி) மாட்டி ஜாப்பை, அதாவது வேலைக்கு வந்த பாகத்தை, தூக்குவதைப் பல பட்டறைகளில் பார்க்கிறேன். ‘இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லையே’ என்பதுதான் எல்லோரும் சொல்லும் சமாதானம்.

அப்புறம், மேலே இடம் சும்மா கிடக்கிறது என்பதும் பாதிதான் உண்மை. லேத்துக்கு மேலே இருக்கும் உயரம் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறது. பெரிய ஜாப்பையோ அதைப் பிடிக்கும் சக்கையோ மாற்ற ஏ-ஃபிரேம் கேன்ட்ரியை (பாரம் தூக்கும் உருட்டுச் சட்டம்) உள்ளே உருட்டி வந்தால், அதற்கும் செயின் பிளாக்குக்கும் பத்துப் பன்னிரண்டு அடி வேண்டும். சிமென்ட் ஷீட்டுக்குக் கீழே சித்திரை வெயிலில் எழும் சூடு மேலே ஏறிப் போகவும் அந்த வெளி வேண்டும். மெஷினுக்கு மேல் பரண் போட்டால் வெளிச்சம் போய்விடும், ஆபரேட்டர் தலைக்கு மேல் சூடு தங்கும். மேலிருந்து ஒரு நட்டு உருண்டு சுற்றுகிற சக்கில் விழுந்தால், அது எந்தப் பக்கம் பறக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. மெஷின்கள் நிற்கும் 30 அடியை அப்படியே விட்டுவிடுங்கள். ஷெட்டின் பின்பக்கம் 10 அடியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு எழுதும் மேசை, டூல் ரூம் போன்றவை அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். பரணுக்கு அதுதான் பொருத்தமான இடம்.

பரண் தளம் ஒன்பதரை அடியில் வரட்டும். கீழே பீம் போக ஒன்பது அடி நிற்கும், மேலே ட்ரஸ் வரை ஆறரை அடி கிடைக்கும். நிமிர்ந்து நின்று வேலை செய்ய அது போதும். இரண்டு வரிசையில் மும்மூன்றாக ஆறு கால். எவ்வளவு சுமைக்கு வடிவமைப்பது என்பதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. சாமான் வைக்கும் இடத்துக்கு அதே ஐ.எஸ். 875, அடுக்கும் உயரத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் சதுர மீட்டருக்கு 240 கிலோ, எப்படியும் 750 கிலோவுக்குக் குறையாமல் என்கிறது. ‘நான் மரப் பேட்டர்ன்தானே வைக்கப்போகிறேன், இவ்வளவு எதற்கு?’ என்று கேட்பீர்கள். இன்றைக்குப் பேட்டர்ன். நாலு வருஷம் கழித்து ஒரு அவசரத்தில் பசங்கள் கியர்பாக்ஸைத் தூக்கி அங்கே வைப்பார்கள். அவர்களிடம் யாரும் கணக்குக் கேட்கப் போவதில்லை.

750 கிலோ என்றால் மொத்தம் 14 டன். பரணின் சொந்த எடை ஒன்றரை டன் சேர்த்தால் நடுக் கால் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ நாலு டன் இறங்கும். ஷெட் தரை பொதுவாக நிரப்பு மண்ணின் மேல் போட்ட 4 அங்குல கான்கிரீட்டாகத்தான் இருக்கும். அதன் மேல் பேஸ் பிளேட்டை வைத்து நாலு போல்ட் முடுக்கினால் போதாது. ஒவ்வொரு காலுக்கும் அடியில் தோண்டி ஃபுட்டிங் (அடித்தளம்) போட வேண்டும். பீம், கால், ஃபுட்டிங் அளவுகளை ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரிடம் வரைபடமாக வாங்குங்கள். செலவில் அது சின்னப் பங்குதான். சுவரில் பீமைச் செருகிக் காலை மிச்சப்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஹாலோ பிளாக் சுவர் அந்த எடைக்கு ஆகாது.

ஏறுவதற்குச் சுவரோடு நட்ட நேர் ஏணி வேண்டாம். கையில் சாமானோடு ஏறுகிறவருக்குக் கைப்பிடியுள்ள சாய்ந்த படி வேண்டும், இரண்டரை அடி அகலமாவது இருக்கட்டும். பரண் ஓரத்தில் மூன்றரை அடிக்குக் கைப்பிடிக் குழாய். அதன் அடியில் 4 அங்குல உயரத்துக்குப் பிளேட் பட்டி ஒன்றைச் சுற்றிலும் பற்ற வைக்கச் சொல்லுங்கள். பலர் கைப்பிடியோடு நிறுத்திவிடுவார்கள். ஸ்பேனரும் போல்ட்டும் கீழே உருண்டு விழாமல் தடுப்பது அந்தப் பட்டிதான். சாமான் ஏற்றும் பக்கத்தில் உள்பக்கமாகத் திறக்கும் கேட் ஒன்று. அரை டன் செயின் பிளாக் வேண்டுமானால், பரணின் சொந்த பீமை இரண்டடி வெளியே நீட்டி அதில் மாட்டலாம். வரைபடம் போடும்போதே அதைச் சொல்லிவிடுங்கள்.

சரி, எதை ஏற்றுவது? கனம் குறைவாக, இடம் அதிகமாக அடைக்கிற, அடிக்கடி தேவைப்படாத சாமான். உங்கள் பேட்டர்ன்கள் அந்த வகைதான். ஆனால் மரத்துக்குச் சூடு ஆகாது. வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்குச் சுமார் 10 மி.மீ. சுருங்கும் என்று கணக்குப் போட்டு, அந்த அளவு கூட்டித்தான் பேட்டர்ன் செய்கிறார்கள். மரமே காய்ந்து வளைந்துவிட்டால் அந்தக் கணக்கு அடிபடும், ஃபவுண்டரியிலிருந்து வரும் காஸ்டிங்கில் மெஷினிங் அலவன்ஸ் (கடைந்தெடுக்க விடும் கூடுதல் கனம்) ஒரு பக்கம் இருக்கும், மறுபக்கம் இருக்காது. அதனால் ஷீட்டை ஒட்டி அடுக்காதீர்கள். ஷீட்டுக்குக் கீழே இரண்டடியாவது காற்றோட்டம் இருக்கட்டும். ஷீட்டைப் பிடிக்கும் ஜே-போல்ட் ஓட்டைகளில் மழை ஒழுகுகிறதா என்று ஐப்பசிக்கு முன்பே பார்த்துவிடுங்கள். சரிசெய்ய ஆள் ஏறினால் ஷீட்டில் கால் வைக்கக்கூடாது. ஷீட்டைத் தாங்கும் பர்லின்மேல் குறுக்கே பலகை போட்டு அதில்தான் நடக்க வேண்டும். பழைய சிமென்ட் ஷீட் காலுக்கடியில் சொல்லாமல் உடையும்.

பேட்டர்ன்களை ஏற்றும் முன் இன்னொரு வேலை இருக்கிறது. ஒவ்வொன்றிலும் வாடிக்கையாளர் பெயர், பாகத்தின் எண், கடைசியாக ஆர்டர் வந்த வருஷம் எழுதி அட்டை கட்டுங்கள். இரண்டு வருஷமாக ஆர்டர் வராததை எல்லாம் அவரவரிடமே திருப்பி அனுப்புங்கள். அவர்கள் குடோனுக்கு நீங்கள் ஏன் வாடகை கட்ட வேண்டும்? பரணில் பாதி இதிலேயே மிச்சமாகும்.

ராடு மேலே போகவே கூடாது. ஒரு மீட்டர் ராடின் எடை தெரிய, மி.மீ. விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். 50 மி.மீ. ராடு மீட்டருக்கு 15.4 கிலோ, 6 மீட்டர் முழு நீளம் 92 கிலோவைத் தாண்டும். இப்படிக் கனமான ராடுகளைச் சுவரில் சாய்த்து நிற்க வைத்திருக்கிறீர்கள். ஒன்று சரிந்தால் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துத் தள்ளும். பரண் இருக்கட்டும், முதலில் இதைச் சரிசெய்யுங்கள். 40 அடிச் சுவரோரமாகத் தரையில் ஊன்றி நிற்கும் கைநீட்டி ரேக் போதும். தடித்த ராடு முழங்காலுக்குக் கீழே, ஒல்லி ராடு மேலே, எதுவும் தோள் உயரத்தைத் தாண்டக்கூடாது. ரேக்கின் கைகளின் நுனியில் சின்ன முனை ஒன்று மேல்நோக்கி இருந்தால் ராடு உருண்டு வெளியே வராது. இஎன் 8 எஃகுக்கு ஒரு நிறம், இஎன் 24 எஃகுக்கு ஒரு நிறம் என்று ராடின் ஒரு முனையில் பெயின்ட் அடித்து, அந்த முனை வெளியே தெரியும்படி வையுங்கள். வெட்டுவது எப்போதும் பெயின்ட் இல்லாத முனையில். கடைசித் துண்டு வரை என்ன மெட்டீரியல் என்று தெரியும். வெட்டிய மிச்சத் துண்டுகளை 4 அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டுகளை அடுக்கி அதற்குள் சொருகலாம்.

சக், ஃபேஸ் பிளேட், வைஸ் எல்லாம் இடுப்பு உயரத்தில். 8 அங்குல மூன்று-ஜா சக்கே சுமார் 15 கிலோ வரும், அதை ஏணியில் வைத்துக்கொண்டு இறங்க வேண்டுமா? மெஷின்களுக்கு இடையே சுவரில் ஆங்கிள் ரேக் போட்டால் ஏழடிக்கு மேல் இருக்கும் தட்டுகளில் காலி டப்பா, கவர், பில் கட்டு மட்டும் போகட்டும். ரேக்கின் ஆழத்தைப் போல் நாலு மடங்கைத் தாண்டி உயரம் போனால் கட்டாயம் பின்னால் கட்ட வேண்டும், அதுவும் கான்கிரீட் தூணோடு.

தின்னர், பெயின்ட், கட்டிங் ஆயில், கேஸ் சிலிண்டர் எதுவும் பரணுக்குப் போகக்கூடாது. வி-பெல்ட், ஆயில் சீல் போன்ற ரப்பர் சாமான்களும் அந்தச் சூட்டில் சீக்கிரம் விரிசல் விட்டுவிடும். பரணுக்கு நேர் கீழே வெல்டிங் வேலை செய்வதையும் தவிர்த்துவிடுங்கள்.

வாடகை ஷெட் என்பதால் இரண்டு விஷயம். ஃபுட்டிங் தோண்டுவதற்கும், காலி செய்யும்போது பரணை நீங்கள் எடுத்துப்போவதற்கும் உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அடுத்து, பீமும் காலும் சேரும் இடங்களைப் போல்ட் ஜாயின்ட்டாகவே செய்யச் சொல்லுங்கள். முழுக்க வெல்டிங் செய்தால் போகும்போது அறுத்து இரும்பு விலைக்குப் போட வேண்டியதுதான். ஃபேப்ரிகேட்டர் கிலோ கணக்கில்தான் விலை சொல்வார். அதனால் கொட்டேஷனில் எந்த சேனல், எந்த பீம், எத்தனை மீட்டர், மொத்தம் எத்தனை கிலோ என்று வரி வரியாக எழுதி வாங்கி, இன்ஜினீயர் வரைபடத்தோடு ஒப்பிட்ட பிறகே முன்பணம் கொடுங்கள். எடை குறைகிறது என்றால், எந்த இரும்பு மெலிந்தது என்று அப்போதே கேட்டுவிடலாம்.