கவுட் மாத்திரை எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 48. கவுட் (யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் வலி) இருக்கிறது. யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினாலுடன் தினம் 0.5 மி.கி. கோல்ச்சிசினும் ஆறு மாதம் சாப்பிடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். கோல்ச்சிசின் எதிர்ப்புச் சக்தியைத் தடுக்கும் மருந்து என்று படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. வலிதான் இல்லையே, நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். அலோபியூரினால் ஆரம்பித்த முதல் சில மாதங்களில்தான் வலி திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். மூட்டில் படிந்திருக்கும் யூரிக் அமிலப் படிகங்கள் அப்போதுதான் கரைந்து உதிரத் தொடங்கும். ஊசி போன்ற அந்தத் துணுக்குகளைக் கிருமி என்று நினைத்து வெள்ளை அணுக்கள் விழுங்கும். உடனே அணுவுக்குள் என்எல்ஆர்பி3 என்ற புரதம் வேறு சில புரதங்களுடன் கூடி, அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-1 பீட்டாவை வெளியே அனுப்பும். இது 2006-ல்தான் தெரியவந்தது. போர்வை பட்டாலே பெருவிரலில் உயிர் போகிற அந்த வலிக்கு முக்கியக் காரணம் இதுதான்.

கோல்ச்சிசின் அணுவுக்குள் சட்டகம் போல இருக்கும் நுண்குழாய்களைச் சரியாக உருவாகவிடாது. அதனால் அந்தப் புரதக் கூட்டம் சேர்வதும், வெள்ளை அணுக்கள் மூட்டுக்குப் படையெடுப்பதும் மட்டுப்படும். ஆனால் படிகத்தை அது கரைக்காது. அது அலோபியூரினாலின் வேலை. இரண்டும் சேர்ந்து வேண்டியிருப்பது அதனால்தான்.

சரி, தொற்று? இதே 0.5 மி.கி. அளவை 5,500-க்கும் அதிகமான இதய நோயாளிகளிடம் பார்த்த ஆய்வு 2020-ல் வெளியானது. தொற்றால் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் மருந்து எடுத்தவர்களிலும் எடுக்காதவர்களிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். அதற்கு முந்தைய வருடம் வந்த இன்னொரு ஆய்வில் நிமோனியா சற்றுக் கூடுதலாக இருந்தது: 0.9 சதவீதம், மருந்தில்லாதவர்களில் 0.4. அதனால் காய்ச்சலும் இருமலும் வந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள், போதும்.

எனக்குக் கவலை வேறு இடத்தில். கோல்ச்சிசினில் பயன் தரும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. பேதி ஆகும்வரை மணிக்கொரு மாத்திரை என்பது பழைய வழக்கம். வலி வந்த நாளில் 1.8 மி.கி. கொடுத்தாலே 4.8 மி.கி.க்குச் சமமான பலன் என்று 2010-லேயே நிரூபித்தாயிற்று. வலி அதிகம் என்று இன்னும் இரண்டு போட்டுக்கொள்ளாதீர்கள். அப்புறம், சளிக்கு யாராவது கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினால், கோல்ச்சிசின் சாப்பிடுகிறேன் என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்து உயிரிழப்பு வரை போயிருக்கிறது, சிறுநீரகம் பழுதானவர்களிடம் குறிப்பாக. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் உங்கள் கிரியாட்டினின் அளவைப் பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கொழுப்புக்கு ஸ்டாட்டின் சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். பேதி ஆரம்பித்தாலோ, உட்கார்ந்து எழத் தொடையில் பலம் இல்லை என்று தோன்றினாலோ, அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றே டாக்டரைப் பாருங்கள்.