அந்த மாத்திரையில் மீதி எங்கே?

கேள்வி: என் மருமகளுக்கு முதல் குழந்தை ஏழாம் மாதத்திலேயே பிறந்து, பல நாள் இன்குபேட்டரில் இருந்துதான் பிழைத்தது. இப்போது மறுபடியும் ஐந்து மாதம். பேர்ணாம்பட்டில் ஷூ கம்பெனி வேலை, கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறாள். போன தடவை பஸ் குலுக்கலில்தான் சீக்கிரம் பிறந்துவிட்டது என்கிறார் என் நாத்தனார். சம்பந்தி வீட்டாரோ ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு ஆரணிக்கு அழைத்துப்போக வேண்டும் என்கிறார்கள். ஏழில் பிறந்தாலும் பிழைக்கும், எட்டில் பிறந்தால் தங்காது என்பார்களே, அதனால் பயமாக இருக்கிறது. நடுவில் நீர்க்கடுப்பு வந்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு நாளில் எரிச்சல் நின்றது. மாத்திரை சூடு என்பதால் நிறுத்திவிட்டு பார்லித் தண்ணீர் கொடுத்தேன். மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறாள். வேலையை விடச் சொல்லட்டுமா? வளைகாப்பை எங்கள் வீட்டோடு முடித்துக்கொள்ளலாமா?
— ஒரு வாசகி, குடியாத்தம் அருகே

பதில்: பஸ், நாத்தனார், ஆரணி, வளைகாப்பு என்று எல்லாவற்றையும் விளக்கமாக எழுதிவிட்டு, கேட்க வேண்டியதை மட்டும் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அந்த மாத்திரையில் மீதி எங்கே இருக்கிறது அம்மா? அலமாரியிலா, அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்திலா? கொடுத்தது டாக்டர், விழுங்கியது உங்கள் மருமகள். நடுவில் நிறுத்துகிற அதிகாரம் உங்களுக்கு எப்படி வந்தது?

இந்தக் கடிதம் வேறு வேறு ஊர்களிலிருந்து எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. எரிச்சல் என்றால் சூடு, சூடு என்றால் இளநீர், வெந்தயம், கால் கட்டைவிரலில் எண்ணெய். வேலூர் வெயிலில் வாழ்கிறவர்கள் சூட்டைக் குறை சொல்வது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் கர்ப்பிணிக்கு வரும் நீர்க்கடுப்பு பெரும்பாலும் சிறுநீர்ப் பாதையில் பாக்டீரியா ஏறியதால் வருவது. குடலில் இருக்கும் ஈ.கோலை என்ற கிருமிதான் அதில் முக்கால்வாசிக்குக் காரணம். பார்லித் தண்ணீர் கெடுதல் செய்யாது, குடிக்கட்டும். அது கிருமியைக் கொல்லாது. இரண்டு நாள் மாத்திரையில் எரிச்சல் அடங்கும், கிருமி முழுதாகப் போயிருக்காது. கழனியில் கோரையை மேலோடு அறுத்துவிட்டுக் களையெடுத்தாயிற்று என்று நீங்கள் சொல்வீர்களா? அடியில் கிழங்கு அப்படியேதான் இருக்கும். அதனால்தான் 5 நாள், 7 நாள் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிறார்கள், முடித்த பிறகு யூரின் கல்ச்சர், அதாவது சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை, மறுபடி எடுக்கச் சொல்கிறார்கள். "நன்றாகத்தான் இருக்கிறாள்" என்பதை நான் ஏற்க மாட்டேன். எரிச்சலோ காய்ச்சலோ எதுவுமே இல்லாமல், ஒரு மில்லி சிறுநீரில் 1 லட்சத்துக்கு மேல் கிருமி இருக்கிற கர்ப்பிணிகள் உண்டு. கர்ப்பத்தில் சுரக்கும் ஹார்மோன் சிறுநீர்க் குழாய்களைத் தளர்த்திவிடும், வளர்கிற கருப்பையும் அவற்றை அழுத்தும். சிறுநீர் தேங்கும், கிருமிக்கு மேலே கிட்னி வரை வழி சுலபமாகிவிடும்.

அதற்கும் குறைப்பிரசவத்துக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். கிட்னியில் தொற்று பற்றிக் குளிர்காய்ச்சல் அடித்தால், அந்தக் கொதிப்பே வலியைக் கிளப்பிவிடும். இன்னொரு வழியும் உண்டு. பிறப்புறுப்பில் நல்ல பாக்டீரியா குறைந்து கெட்டது பெருகினால், அது கர்ப்பப்பை வாய் வழியாக மேலேறிப் பனிக்குடச் சவ்வைத் தொடும். உடம்பு அதை எதிர்த்துச் சண்டை போடும். அந்தச் சண்டையில் சுரக்கிற பொருள்கள்தான், பத்தாம் மாதம் வலி எடுக்க வைக்கிற அதே புரோஸ்டாகிளாண்டினை முன்கூட்டியே வரவழைக்கின்றன. சவ்வு இற்றுப்போகும், கர்ப்பப்பை வாய் இளகும், பனிக்குடம் உடையும். 37 வாரம் முடியுமுன் நடக்கும் பிரசவங்களில் 100-க்கு 25 முதல் 40 வரை இப்படிக் கருப்பைக்குள் ஏறிய தொற்றோடு தொடர்புள்ளவை என்று மருத்துவர்கள் மதிப்பிடுகிறார்கள். குழந்தை எவ்வளவு சீக்கிரம் பிறக்கிறதோ அவ்வளவுக்குத் தொற்றின் பங்கு அதிகம். மற்றவற்றுக்கு வேறு காரணங்கள் உண்டு, பலருக்குக் காரணமே தெரிவதில்லை. உங்கள் பேரக்குழந்தை எதனால் முந்திப் பிறந்தது என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. பஸ் குலுக்கல் என்று உங்கள் நாத்தனாரும் சொல்ல முடியாது. போன தடவை அவளுக்கு நீர்க்கடுப்போ, மீன் வாடையோடு வெள்ளைப்படுதலோ இருந்ததா? கேட்டிருக்கிறீர்களா? மாமியாரிடம் அதைச் சொல்ல எந்தப் பெண்ணுக்கும் வாய் வராது. கேட்பது உங்கள் கடமை. உங்கள் மகனுடைய கடமையும்தான். கடிதம் முழுக்கத் தேடினேன், அவரைக் காணோம்.

சி.எம்.சி. ஆஸ்பத்திரியை நிறுவிய ஐடா ஸ்கடர் பெயர் வேலூர்க்காரர்களுக்குத் தெரியாமல் இருக்காது. டாக்டராகும் எண்ணமே இல்லாத பெண் அவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைப் பார்க்க வரும்படி அவரை அழைத்தார்கள். டாக்டரான என் அப்பாவை அனுப்புகிறேன் என்றார். அந்நிய ஆண் பார்க்கக்கூடாது என்று மூவரும் மறுத்துவிட்டுப் போனார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் அவர் மருத்துவம் படித்துத் திரும்பி 1900-இல் வேலூரில் வைத்தியம் தொடங்கினார், 1918-இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். அந்த மூன்று வீடுகளிலும் மனைவி மேல் பாசம் இல்லாமலா இருந்திருக்கும்? பாசம் இருந்தது. அவள் உடம்புக்கு எது ஆகும், எது ஆகாது என்று வீடே முடிவெடுத்துக்கொண்டது. நீங்களும் அதைத்தான் செய்திருக்கிறீர்கள். கோபம் வந்தால் வரட்டும், அம்மா. என் வீட்டில் வாழ வந்த பெண்ணின் உடம்புக்கு நான் பொறுப்பு என்று நினைக்கிற மாமியாரைத்தான் நான் மதிப்பேன். பொறுப்பு என்றால் வேளாவேளைக்கு மாத்திரையை எடுத்துக் கையில் கொடுப்பது.

நாளைக்கே மருமகளையும் மகனையும் கூட்டிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மீதி மாத்திரையை நீங்களாக மறுபடி ஆரம்பித்துவிடாதீர்கள், அட்டையோடு கையில் எடுத்துப்போங்கள். "நான்தான் நிறுத்தினேன்" என்று டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள், அந்தப் பேச்சை அவள் தலையில் கட்டாதீர்கள். முதல் பிரசவம் ஏழாம் மாதம் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். ஒரு தடவை முந்திப் பிறந்திருந்தால் மறுபடி அப்படி ஆகும் வாய்ப்பு அதிகம் என்பதால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள், அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியோ வேறெதுவோ. கர்ப்பப்பை வாயின் நீளத்தை ஸ்கேனில் அளந்து பார்க்க இந்த ஐந்தாம் மாதம்தான் சரியான சமயம், கேளுங்கள். யூரின் கல்ச்சருக்கு முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதை, அவர்கள் தரும் டப்பாவிலேயே பிடிக்க வேண்டும்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவில் வலி, தண்ணீர் போல் கசிவு, வயிறு அடிக்கடி இறுகுவது, இதில் எது வந்தாலும் பொய் வலி என்று கஷாயம் வைத்துக்கொண்டு உட்காராமல் 108-ஐக் கூப்பிடுங்கள். 34 வாரத்துக்கு முன் வலி எடுத்தால், குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்குத் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி உண்டு. அது வேலை செய்ய நேரம் வேண்டும். எட்டாம் மாதக் குழந்தை தங்காது என்ற பேச்சு உங்கள் வீட்டில் இனி வேண்டாம். உள்ளே இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு பலம்தான், ஏழாம் மாதத்தை விட எட்டாம் மாதம் நல்லது.

வேலையை விடுவதா என்பதை டாக்டரும் அவளும் முடிவு செய்யட்டும். கம்பெனியில் தண்ணீர் குடிக்கவும் பாத்ரூம் போகவும் நினைத்த நேரத்தில் விடுகிறார்களா என்று மட்டும் உங்கள் மகன் விசாரிக்கட்டும். வளைகாப்பைத் தாராளமாகச் செய்யுங்கள், கல்ச்சர் ரிப்போர்ட்டில் கிருமி இல்லை என்று வந்து, டாக்டரும் பயணத்துக்குச் சரி என்ற பிறகு. ஆரணிக்கு அனுப்பும்போது தாய் சேய் நல அட்டை, ரிப்போர்ட்டுகள், முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சீட்டு மூன்றையும் சம்பந்தியம்மா கையில் நேரில் கொடுத்து, இந்த மாத்திரை விஷயத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.