நகையை மாற்றி வைத்து வேனுக்கு சோலார் போடலாமா?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, மாதம் இரண்டு வாரக் கடைசியில் குடும்பத்தோடு ஏற்காடு, கொல்லிமலை போய் வேனிலேயே தங்குகிறோம். 12 வோல்ட் ஃபிரிட்ஜ் வாங்கிவிட்டேன். புதுச்சேரியில் சோலார் தொழில் செய்யும் மச்சான் 335 வாட் பேனல் நான்கு, 200 ஏ.எச். லித்தியம் பேட்டரி இரண்டு, 3 கேவிஏ இன்வெர்ட்டர் என 2,60,000 ரூபாய்க்கு கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். ஏசியும் ஓடும், அரசு மானியமும் கிடைக்கும் என்கிறார். மனைவியின் 18 பவுன் வங்கியில் 6,40,000 ரூபாய்க்கு அடகில் இருக்கிறது, வட்டி 9.5 சதவீதம். போன வருடம் 5,30,000 இருந்ததை மாற்றி வைத்து இப்படி ஆக்கினோம். அடுத்த மாதம் தவணை முடிகிறது. பவுன் விலை ஏறியிருப்பதால் அதே நகையின் மேலேயே கூடுதல் பணம் தருவார்கள். வாங்கலாமா? கையில் 75,000 ரூபாய் இருக்கிறது. மாதம் 20,000 மிஞ்சும்.

பதில்: வாங்க வேண்டாம். சோலாரில் பெரிய தப்பு இல்லை. வருடா வருடம் நகையை மாற்றி வைக்கும் பழக்கம்தான் உங்களை அரிக்கிறது. போன வருடக் கணக்கைக் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள்: 5,30,000 இருந்த கடனை 6,40,000 ஆக்கினீர்கள். ஆனால் பழைய வட்டி 50,350 ரூபாயைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுத்தார்கள். கைக்கு வந்தது 59,650. கடன் ஏறியதோ 1,10,000. அதாவது வட்டியைக் கட்டவே கடன் வாங்கியிருக்கிறீர்கள்! பவுன் விலை ஏற ஏற இது கண்ணுக்குத் தெரியாது. விலை சரிந்தால் வங்கி வித்தியாசத்தைக் கட்டச் சொல்லும். கட்ட முடியாவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும்.

இன்னும் 2,60,000 சேர்த்தால் கடன் 9,00,000. வருட வட்டி 85,500, மாதம் 7,100 ரூபாய்க்கு மேல். அசலில் ஒரு ரூபாய்கூட குறையாது.

அடுத்தது மானியம். பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என்பது உண்மை. ஆனால் அது மின்வாரிய இணைப்புள்ள வீட்டுக் கூரைக்கு. வேன் கூரைக்குக் கிடையாது.

ஏசி கணக்கும் உதைக்கிறது. ஒரு டன் ஏசி சராசரி 700 வாட் இழுத்தாலே எட்டு மணி நேரத்துக்கு 5,600 வாட் அவர் (வாட்டை மணி நேரத்தால் பெருக்கினால் வரும் மின்சார அளவு). இரண்டு பேட்டரியும் முழுசாக இருந்தால் 5,120. நான்கு பேனலும் நல்ல வெயில் நாளில் தருவது ஏறக்குறைய 4,700. ஒரு ராத்திரிகூட முழுசாக ஓடாது. 3 கேவிஏ இன்வெர்ட்டர் சும்மா ஆன் ஆகி நின்றாலே 30 வாட் வரை தின்னும், ஒரு நாளைக்கு 720 வாட் அவர்.

உங்களுக்கு உண்மையில் தேவை எவ்வளவு? ஃபிரிட்ஜ் 45 வாட், நம் ஊர் வெக்கையில் பாதி நேரம் கம்ப்ரஸர் ஓடும் என்று வைத்தால் 540. இருபது வாட் மின்விசிறி இரண்டு, எட்டு மணி நேரம், 320. விளக்கு 40, போன் லேப்டாப் 100. மொத்தம் 1,000 வாட் அவர். ஒரே ஒரு 335 வாட் பேனல், ஐந்து மணி நேர நல்ல வெயில், தட்டையாகப் படுத்திருப்பதற்கும் சூட்டுக்கும் 30 சதவீதம் கழித்தால் 1,170. போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதிதான் வரும், அப்போது ஃபிரிட்ஜை அணைத்து ஐஸ் பெட்டி வையுங்கள்.

தோராயச் செலவு: பேனல் 10,000, 30 ஆம்ப் எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் (பேனலின் கூடுதல் வோல்ட்டை ஆம்ப்பாக மாற்றி பேட்டரிக்கு ஏற்றும் பெட்டி) 6,500, 100 ஏ.எச். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி 30,000, அதற்கான சார்ஜர் 3,000, 300 வாட் சைன்வேவ் இன்வெர்ட்டர் 4,500, ஸ்டாண்டு, வயர், ப்யூஸ் 7,000. மொத்தம் 61,000. சமையலுக்கு கேஸ் அடுப்பே இருக்கட்டும். இண்டக்ஷன் அடுப்பு 12 வோல்ட்டில் 150 ஆம்ப் கேட்கும்.

கன்ட்ரோலரில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். அந்த பேனல் 38 வோல்ட், 9 ஆம்ப் தரும். மலிவான பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் அதே 9 ஆம்பை 13 வோல்ட்டில் விடும். 335 வாட்டில் 117தான் பேட்டரிக்குச் சேரும். எம்.பி.பி.டி. என்று ஸ்டிக்கர் ஒட்டி ஆயிரம் ரூபாய்க்கு விற்பதில் பலவும் உள்ளே இதுதான். பேனல் பக்கம் 100 வோல்ட் தாங்குவதாகப் பாருங்கள். சுமை இல்லாதபோது பேனல் 46 வோல்ட் காட்டும், ஏற்காட்டுக் குளிர் காலையில் இன்னும் ஏறும்.

கன்ட்ரோலரில் மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். மாற்றிக் கொடுத்தால் கன்ட்ரோலர் புகைய வாய்ப்பு உண்டு. கன்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்கு 10 சதுர மி.மீ. செம்பு வயர், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 40 ஆம்ப் ப்யூஸ். இன்வெர்ட்டருக்குத் தனி ப்யூஸ். கடலூர் உப்புக் காற்றில் சாதாரண செம்பு லக் (வயர் முனையில் அழுத்தும் வளையம்) பச்சை பிடித்து, பிடிப்பு தளர்ந்து சூடாகும். வெள்ளீயம் பூசிய லக், அதன்மேல் ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் உறை), எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட் போடச் சொல்லுங்கள். கூரையில் ஒட்டும் வளையும் பேனல் இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். காற்று போக இடமில்லாமல் வெந்து சீக்கிரம் கெடும். கண்ணாடி பேனலை இரண்டு விரல் இடைவெளி விட்டு ஏற்றுங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

மாதம் மிஞ்சும் 20,000-ல் 15,000 நகைக்கு, 5,000 சோலாருக்கு. ஆறு மாதத்தில் பேட்டரி, பிறகு சார்ஜர் வாங்கலாம். வீட்டு பிளக்கில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு போனால், ஃபிரிட்ஜ் இல்லாமல் இரண்டு ராத்திரி தாங்கும். பேனல், கன்ட்ரோலர் அதற்கப்புறம். மச்சான் வருத்தப்பட்டால், பொருளை நீங்கள் வாங்கி, மாட்டும் கூலியை அவருக்கே கொடுங்கள்.

அடுத்த மாதம் வங்கிக்குப் போகும்போது இந்த வருட வட்டி 60,800-ஐ கையிலிருக்கும் 75,000-லிருந்து கட்டுங்கள். புதுப் பணம் வாங்காமல், 18 பவுனையும் ஆறு ஆறாகப் பிரித்து மூன்று தனிக் கடனாக வைத்துத் தரச் சொல்லுங்கள். மாதாமாதம் 15,000-ஐ முதல் கடனிலேயே கட்டினால் ஒன்றரை வருடத்துக்குள் அந்த ஆறு பவுன் வீட்டுக்கு வரும். மற்ற இரண்டுக்கும் வருட முடிவில் வட்டி வரும்போது, அந்தச் சமயத்து மூன்று மாத 15,000 முதலில் அதற்குப் போகட்டும். மூன்றும் தீர நான்கரை வருடம் பிடிக்கும்.