கொரோனா ஊரடங்கில் மத உரிமைக்காகப் பேசியவர்கள் எப்படித் தொடர்பு விடாமல், சோர்ந்துபோகாமல் இருந்தீர்கள்?

வேலூரில் நாங்கள் நாலைந்து பேர் செய்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று, கோயிலைத் திற, பள்ளிவாசலைத் திற என்று நாங்கள் கேட்கவே இல்லை. அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவே மக்களின் உடல்நலத்துக்கு உட்பட்டுத்தான் மத உரிமையைத் தருகிறது. 2020 மார்ச்சில் போட்டது எல்லாருக்கும் ஒரே பூட்டு, அதோடு எங்களுக்குச் சண்டை இல்லை. டில்லியில் தப்லீக் ஜமாத் என்ற முஸ்லிம் சமயப் பிரசார அமைப்பின் கூட்டத்தில் தொற்று பரவிய செய்தி வந்த பிறகு நோய்க்கே மதச் சாயம் பூசினார்கள் பாருங்கள், அங்கேதான் ஆரம்பித்தது. எங்கள் வேலூர் சைதாப்பேட்டையிலிருந்து வரும் பழவண்டி பாயைத் தெருவுக்குள் விடாதீர்கள் என்று எங்கள் ஏரியா வாட்ஸ்அப் குழுவிலேயே செய்தி சுற்றியது.

குழுவில் பதில் எழுதினால் சண்டைதான் வளரும். அதனால் போனை எடுத்தோம். ஒரு சர்ச் ஐயர், ஒரு பள்ளிவாசல் ஹஜ்ரத், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அப்புறம் நான். ஜூம் எல்லாம் பெரியவர்களுக்குச் சரிப்படவில்லை, சாதாரண கான்ஃபரன்ஸ் கால்தான், ரமலானில் நோன்பு திறந்த பிறகு. பாதி நேரம் உரிமை என்ற பேச்சே வராது, யாருக்கு பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது, யார் வீட்டில் அரிசி இல்லை என்றுதான் போகும், அப்படிப் போனதால்தான் அது நிலைத்தது என்று நினைக்கிறேன். (1806இல் இதே வேலூரில் நடந்த சிப்பாய்ப் புரட்சிக்கு ஒரு காரணமே நெற்றியில் மதக்குறி கூடாது, தாடி கூடாது என்ற உத்தரவுதான் என்பதைச் சொல்லாமல் ஆசிரியர் போனை வைத்ததில்லை.) தெருவில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் அவரே போன் போட்டு, "ஏம்பா, உங்கம்மா அந்த பாய்கிட்டதானே இத்தனை வருஷமா கடனுக்கு வாங்கினாங்க?" என்று கேட்டார். சிலர் மாறினார்கள், சிலர் போனையே எடுக்கவில்லை. வண்டி தெருமுனை வரை வந்தது, உள்ளே வர இன்னும் நாளாயிற்று.

நம்பிக்கை விஷயத்தில், 'எல்லாம் சரியாகிவிடும்' வகை ஃபார்வர்டுகள் எனக்கு ஒத்துவராது. ஏதாவது ஒரு விவகாரத்தைப் பிடித்து அது முடியும்வரை விடாமல் கவனித்தால்தான் தெம்பு வருகிறது. நாங்கள் கவனித்தது இலங்கை. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும், கொரோனாவில் இறந்த முஸ்லிம்களை அங்கே கட்டாயமாக எரித்தார்கள். 2020 டிசம்பரில், பிறந்து 20 நாளே ஆன குழந்தையையும் எரித்த பிறகு, மக்கள் கொழும்பு பொரளை மயான வேலியில் எதிர்ப்பாக வெள்ளைத் துணி கட்டினார்கள். 2021 பிப்ரவரி கடைசியில் அரசு இறங்கி வந்தது, மார்ச்சில் கிழக்கிலங்கையின் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. இங்கேயும் 2020 ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு தப்லீக் வெளிநாட்டவர்கள் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டிருக்கலாம் என்றே எழுதியது. ஹஜ்ரத் அந்தச் செய்தியை எங்களுக்கு முழுசாக வாசித்துக் காட்டினார், நடுவில் ஐயரின் லைன் கட்டாகிவிட்டதால் முதலிலிருந்து இன்னொரு தடவையும்.