ஆற்காட்டில் இருந்துகொண்டு திரைக்கதை எழுத்தாளர் ஆக முடியுமா?

கேட்டவர் எழுதியிருப்பது இது: ஊர் ஆற்காடு, முழுத் திரைக்கதை ஒன்று எழுதி முடித்தாயிற்று, சினிமாவில் யாரையும் தெரியாது, துறையில் இருக்கிறவர்கள் வழி சொல்லுங்கள்.

இதற்கு முன்னால் பதில் போட்ட ஒருவர், "எது வேண்டுமானாலும் செய்யுங்கள், சீரியல் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள், எழுத்து கெட்டுவிடும்" என்று சொல்லியிருக்கிறார். அது கண்ணில் படாமல் இருந்திருந்தால் நான் பேசாமல் போயிருப்பேன். நான் சீரியலுக்கு வசனம் எழுதுகிறவள். குடியாத்தத்தில் பிறந்து, வேலூரில் வாழ்க்கைப்பட்டு, சத்துவாச்சாரி வீட்டில் உட்கார்ந்தபடியே எழுதுகிறவள். என் எழுத்து எந்த அளவுக்குக் கெட்டிருக்கிறது என்பதை இந்தப் பதிலை வைத்தே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

தம்பி, உங்களைப் பற்றி நானாகவே கொஞ்சம் ஊகித்துக்கொள்கிறேன். இன்ஜினியரிங் முடித்திருப்பீர்கள். ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலைக்கு அப்பா யாரிடமாவது சொல்லி வைத்திருப்பார். லேப்டாப்பில் நூற்றைம்பது பக்கத்துக்கு மேல் கதை இருக்கும். படித்த நண்பர்கள் "வேற லெவல் மச்சி" என்றிருப்பார்கள். அப்படியெல்லாம் இல்லை என்றால் மன்னித்துவிடுங்கள், மேலே சொல்லப்போவது எப்படியும் பொருந்தும்.

தமிழ் சினிமாவில் திரைக்கதை எழுத்தாளர் என்று தனியாக ஒரு வேலை கிட்டத்தட்ட இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. ஆரூர்தாஸ் மாதிரி வசனத்துக்கென்றே பெயர் வாங்கியவர்கள் இருந்தார்கள். என் அப்பா தறியில் உட்கார்ந்துகொண்டு இன்ன படத்துக்கு வசனம் இன்னார் என்று வரிசையாகச் சொல்வார். இன்றைக்குப் பெரும்பாலான படங்களின் டைட்டிலைப் பாருங்கள், எழுத்தும் இயக்கமும் ஒரே பெயரில் இருக்கும். ஜெயமோகன் மாதிரி இலக்கியத்தில் பெயர் எடுத்தவர்களை வசனத்துக்குக் கூப்பிடுகிறார்கள், வாஸ்தவம். ஆனால் அவர்களைத் தேடி வந்து கூப்பிடுகிறார்கள். நீங்களும் நானும் போய்க் கதவைத் தட்டினால் முதல் கேள்வி, "நீங்களே டைரக்ட் பண்றீங்களா?" அடுத்த கேள்வி, "யார்கிட்ட ஒர்க் பண்ணீங்க?" எல்லோரும் உதவி இயக்குநராகச் சேரச் சொல்வது இந்த இரண்டாவது கேள்விக்காகத்தான்.

சீரியலில் கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் ஒருவர் என்று தனித்தனியாகப் பெயர் போடுகிறார்கள், தனித்தனியாகக் காசும் கொடுக்கிறார்கள். எபிசோடுக்கு இவ்வளவு என்று பேச்சு. சில சமயம் இழுத்தடிப்பார்கள், அது வேறு கதை. ஆனால் எழுத்து மட்டுமே தெரிந்த ஒருத்திக்கு, கேமராவைத் தொடாமல், இன்றைக்குத் தமிழில் மாதாமாதம் வருமானம் வருகிற இடம் வேறு எது என்று அந்த நண்பர் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

நான் உள்ளே போனது எப்படி என்று சொல்கிறேன். வேலூரில் பி.ஏ. தமிழ். வார இதழ்களில் சில கதைகள் வந்திருந்தன. கூடப் படித்த ஒருத்தி சென்னையில் ஒரு சீரியல் யூனிட்டில் காஸ்ட்யூம் பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் மூலமாக டைரக்டரைப் பார்க்க நேரம் கிடைத்தது. விடியற்காலை ஏலகிரி எக்ஸ்பிரஸ். அதில் அன்ரிசர்வ்டு பெட்டியில் நின்றுகொண்டு போகிறவர்களைப் பற்றித் தனியாகவே ஒரு சீரியல் எழுதலாம். சாலிகிராமத்தில் மூன்றாவது மாடியில் ஒரு ஃபிளாட், அதுதான் டிஸ்கஷன் ரூம். பாய், தலையணை, காலி டீ கிளாஸ்கள், நாலைந்து ஆம்பளைகள்.

கதையைச் சுத்தமாகப் படி எடுத்து, ஸ்பைரல் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். டைரக்டர் அதை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, "சொல்லுங்கம்மா" என்றார். படிக்கட்டுமா சார் என்றேன். "படிக்க வேணாம், சொல்லுங்க." ஒருவர் செல்போனில் யாரிடமோ வண்டி வாடகை பேசிக்கொண்டிருந்தார். இன்னொருவர் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சினிமாவோ சீரியலோ, இங்கே கதையைப் படித்து வேலை கொடுப்பது அபூர்வம், கேட்டுத்தான் கொடுக்கிறார்கள். தயாரிப்பாளர் கேட்பார், ஹீரோ கேட்பார், அவர்களுக்கு வேண்டிய யாரோ ஒருவர் கேட்பார். பவுண்ட் ஸ்கிரிப்ட், அதாவது முழுசாக எழுதி பைண்ட் பண்ணின திரைக்கதை, அதற்குப் பிறகுதான். பக்கத்தின் இடது பாதியில் நடப்பது, வலது பாதியில் பேசுவது என்று எழுதும் பழைய முறையா, சாஃப்ட்வேரில் ஆங்கிலப் படக்காரர்கள் பாணியில் எழுதுவதா என்று நீங்கள் கவலைப்பட்டிருப்பீர்கள். எதில் எழுதியிருந்தாலும் முதலில் அது ஓரமாகத்தான் போகும்.

என்னைக் காப்பாற்றியது பாரதம். எங்கள் வட ஆற்காட்டுப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கியார் கதை சொல்வார், ராத்திரி கூத்து, கடைசி நாள் படுகளம், தீமிதி. ராத்திரிக் கூத்துக்கு ஊரே வரும். பகல் கதைக்கு வருகிறவர்கள் வெயிலுக்கு ஒதுங்கின கிழவிகளும், மடியில் முறத்தோடு பீடி சுற்றுகிற பெண்களும்தான். கதை தொய்ந்தால் எழுந்து போய்விடுவார்கள், யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. நான் பள்ளிக்கூட லீவில் அவர்களோடு உட்கார்ந்திருக்கிறேன். சூதாட்டம் வரும்போது, தருமன் நாட்டை வைத்தான், தோற்றான், தம்பியை வைத்தான், தோற்றான் என்று பிரசங்கியார் அடுக்கிக்கொண்டே போக மாட்டார். நடுவில் நிறுத்தி, "அந்தம்மா அந்தப்புரத்துல தலைய விரிச்சிக்கினு குந்தினுகீறா, அவளுக்கு இன்னா தெரியும்?" என்பார். பீடி சுற்றுகிற கை நின்றுவிடும்.

நான் அன்றைக்குச் செய்ததும் அதேதான். என் கதை குடும்ப வரலாற்றில் தொடங்கும். அதை விட்டுவிட்டு நேராகச் சிரசுத் திருவிழாவுக்குப் போனேன். வைகாசி ஒன்றாம் தேதி, கெங்கையம்மன் சிரசு, அதாவது அம்மனின் தலை, குடியாத்தம் தெருக்களில் ஊர்வலமாக வருகிறது. கூட்டத்தில் அம்மாவும் சின்ன மகளும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். பெரியவளுடைய கல்யாண நகையைச் சின்னவள் ஏற்கெனவே அடகு வைத்துவிட்டாள். சாமி வீட்டைத் தாண்டினதும் உள்ளே போய் பீரோவைத் திறக்கப் போகிறாள் அம்மா, மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். சாமி மெதுவாக வர வேண்டும் என்று சின்னவள் வேண்டிக்கொள்கிறாள்.

செல்போன்காரர் போனைக் காதில் வைத்தபடியே பேச்சை நிறுத்திவிட்டார். டைரக்டர், "அந்தப் பொண்ணு எதுக்கு அடகு வெச்சா?" என்றார். காரணம் கேட்டுவிட்டார் இல்லையா, வேலை கிடைத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

அதற்கு அடுத்து அவர் சொன்னது: "நல்லா இருக்கு. ஆனா இத மதுரப் பக்கம் மாத்திருங்க."

இந்த இடத்தில் கொஞ்சம் கோபப்பட்டுக்கொள்கிறேன். திரையில் கிராமம் என்றால் மதுரை, தேனி. கொஞ்சம் மாறினால் கோயம்புத்தூர், திருநெல்வேலி. வட ஆற்காட்டுக்காரன் வாயைத் திறந்தால் சென்னை ரவுடி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் தெரு டீச்சரம்மாவே "வூட்ல கீறாரா?" என்றுதான் கேட்பார், அவர் மேல் எந்த ஸ்டேஷனிலும் கேஸ் இல்லை. வேலூர் என்றால் ஜெயில், அதை விட்டால் சி.எம்.சி. ஆஸ்பத்திரி. ஆம்பூர் என்றால் பிரியாணி. ஷூ கம்பெனி வாசலில் சாயந்தரம் ஒரே நேரத்தில் வெளியே வருகிற பெண்கள் கூட்டத்தை எந்தப் படத்திலாவது பார்த்த ஞாபகம் இருக்கிறதா உங்களுக்கு? எனக்கு இல்லை. சரி, நீங்கள் கேட்டது இது இல்லை. ஆனால் உங்கள் கதை ஆற்காட்டில் நடக்கிறது என்றால், யார் சொன்னாலும் அதைத் தேனிக்கு மாற்றாதீர்கள். நான் மாற்றிக் கொடுத்தேன், சம்பளம் வாங்கினேன், சேனலில் சொல்லிவிட்டார்கள் என்று காரணமும் சொன்னார்கள். சினிமாவில் சேனல் இல்லை, நீங்கள் நின்று பார்க்கலாம்.

எழுத்து கெட்டுவிடும் என்றவருக்கு இப்போது வருகிறேன். சீரியலில் நடிக்க வருகிறவர்களில் பெங்களூர்ப் பக்கத்துப் பெண்கள் நிறைய. பலருக்குத் தமிழ் வாசிக்க வராது. உதவி இயக்குநர் கேமராவுக்கு வெளியே நின்று வரியை உரக்கச் சொல்ல, அவர்கள் கேட்டுத் திருப்பிச் சொல்வார்கள். இதற்கு பிராம்ப்டிங் என்று பெயர். டப்பிங்கில் வேறு ஒருவர் குரல் கொடுப்பார். "நேத்து ராத்திரி என்கிட்ட சொல்லாம நீ எங்க போனேன்னு எனக்குத் தெரியும்" என்று எழுதினால் பாதியில் மூச்சு முட்டி நிற்கும், முகத்தில் ஒன்றும் வராது. "எங்க போனேன்னு தெரியும்." நிறுத்தம். "நேத்து ராத்திரி." இப்படி வெட்டினால் பிராம்ப்ட் பண்ணவும் முடியும், எதிரில் நிற்கிறவருக்கு ரியாக்‌ஷன் எடுக்கவும் இடம் கிடைக்கும். மறுநாள் எடுக்கப்போகிற சீன்களின் பட்டியல், சீன் ஆர்டர் என்பார்கள், ராத்திரி வாட்ஸ்அப்பில் வரும், காலையில் ஷூட்டிங். அந்த நேரத்துக்குள் இப்படி ஆறேழு சீன் வெட்டி எழுத வேண்டும். எழுதிப் பார்த்துவிட்டு யாருக்கு என்ன கெட்டது என்று பேசலாம்.

சீரியல் எல்லாம் உசத்தி என்று நான் சொல்லவில்லை. வியாழக்கிழமை ரேட்டிங் வரும், குறைந்திருந்தால் வெள்ளிக்கிழமை என் பாத்திரம் ஒன்று கோமாவுக்குப் போய்விடும். அதையும் நான்தான் எழுதுவேன். "நீங்கள் படம் எடுத்திருக்கிறீர்களா?" என்று கேட்கப் போகிறவர்களுக்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: எடுக்கவில்லை, எடுத்ததாகச் சொல்லவும் இல்லை. அந்த சாலிகிராமத்துப் படிக்கட்டில் ஏறி இறங்கினவர்களைப் பார்த்ததை வைத்துப் பேசுகிறேன், அவ்வளவுதான்.

ராணிப்பேட்டையில் வளர்ந்த வெற்றிமாறனை உங்களுக்கு எல்லோரும் உதாரணம் காட்டியிருப்பார்கள், பக்கத்து ஊர் என்பதால். அவர் பாலு மகேந்திராவிடம் வருஷக்கணக்கில் உதவியாளராக இருந்துவிட்டு, 2007இல்தான் முதல் படம் கொடுத்தார் என்பதைச் சேர்த்துச் சொல்ல மாட்டார்கள். உதவி இயக்குநர் வழி என்றால் அந்தக் காத்திருப்பும் சேர்த்துத்தான், பேட்டா என்கிற தினப்படியில் காலம் தள்ள வேண்டியிருக்கும். குறும்பட வழியும் உண்டு. கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் எல்லாம் கலைஞர் டி.வி.யின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் குறும்படம் காட்டி வெளியே தெரிந்தவர்கள். கார்த்திக் சுப்பராஜ் அதற்கு முன் சாஃப்ட்வேர் வேலையில் இருந்தவர். தரமணி அரசு திரைப்படக் கல்லூரி பிளஸ் டூ முடித்தவர்களுக்கான பட்டப்படிப்பு, டிகிரி முடித்த நீங்கள் மறுபடி நாலு வருஷம் படிப்பீர்களா தெரியாது. பட்டம் முடித்த, வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு வெற்றிமாறன் சென்னையில் தொடங்கிய பன்னாட்டுத் திரை பண்பாட்டு ஆய்வகத்தில் கட்டணம் இல்லாமல் சொல்லித்தருகிறார்கள். உங்கள் வீட்டு நிலைமை அப்படி என்றால் சேர்க்கை எப்போது என்று விசாரியுங்கள்.

கதையைத் திருடிவிடுவார்களோ என்ற பயம் இருக்கும். எல்லோருக்கும் இருக்கிறது. கதைக் கருவுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1978லேயே சொல்லிவிட்டது. கருவை எப்படி எழுதினீர்கள் என்பதுதான் உங்கள் சொத்து. எழுதிய அன்றே அது உங்களுடையது, பதிவு கட்டாயம் இல்லை. ஆனாலும் தேதிக்கு ஒரு சாட்சி வேண்டும் என்பதால்தான் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிவு செய்து வைக்கிறார்கள். 2018இல் 'சர்கார்' படம் தன் கதை என்று வருண் ராஜேந்திரன் பேச முடிந்ததே, 2007இல் சங்கத்தில் பதிந்து வைத்த கதை கையில் இருந்ததால்தான். அந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. அதனால் முழுத் திரைக்கதையையும் பதிந்துவிட்டு, தாராளமாகக் கதை சொல்லுங்கள். பயந்துகொண்டு பாதிக் கதை சொல்கிறவர்களை அந்த ரூமில் நிறையப் பார்த்திருக்கிறேன், யாருக்கும் மீதியைக் கேட்கத் தோன்றாது.

சிப்காட் வேலை கிடைத்தால் சேர்ந்துவிடுங்கள். வாடகை பயம் இல்லாமல் கதை சொல்கிறவனுக்குக் குரல் நடுங்காது. அதோடு, சென்னையில் சினிமாக்காரன் என்றால் வீடு கொடுக்கவே யோசிப்பார்கள்.

எழுதிச் சம்பாதித்துக்கொண்டே கற்றுக்கொள்ளலாம் என்று தோன்றினால், ஏதாவது ஒரு சீரியலை ஒரு வாரம் பாருங்கள். டைட்டிலில் டைரக்டர் பெயரை விட்டுவிட்டு இணை இயக்குநர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், தினமும் வசனத் தாளுக்காக அல்லாடுகிறவர் அவர்தான். மதியச் சாப்பாட்டு பிரேக்கில் பேசுங்கள். மற்ற நேரத்தில் கோபமாக இருப்பார். "ஒரு சீன் எழுதி அனுப்புங்க பாக்கலாம்" என்று தட்டிக்கழிக்கிற மாதிரிதான் சொல்வார். அன்று ராத்திரியே அனுப்பிவிடுங்கள். மறுநாள் காலை எடுக்க வேண்டிய சீன்களில் ஏதோ ஒன்று அவரிடம் எழுதப்படாமல் கிடக்கும்.