ஓ.டி.பி. வராமலேயே கார்டில் பணம் போனால்?

கேள்வி: நான் பெயரே கேட்டிராத ஒரு வெளிநாட்டு இணையதளத்தில் என் கிரெடிட் கார்டு மூலம் 18,400 ரூபாய்க்குப் பொருள் வாங்கியதாக நேற்றிரவு குறுஞ்செய்தி வந்தது. ஓ.டி.பி. வரவில்லை, கார்டு விவரத்தை நான் யாரிடமும் சொல்லவும் இல்லை. வங்கியின் சேவை மையத்தைத் தொடர்பு கொண்டால், மாதாந்திர ஸ்டேட்மென்ட் வந்த பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். காத்திருக்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். ஸ்டேட்மென்ட் வரும்வரை பொறுத்திருக்கச் சொன்னது மிகத் தவறான ஆலோசனை. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரின் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வேறெங்கோ தகவல் கசிந்து நடந்த மோசடியை, அறிவிப்பு கிடைத்த நாளை விட்டுவிட்டு மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்துவிட்டால், ஒரு ரூபாய் இழப்பும் உங்களைச் சேராது. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், ஐந்து லட்சம் வரை வரம்புள்ள கார்டுக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை நீங்கள் ஏற்க நேரிடும். அதற்கும் மேல் தாமதமானால், அந்தந்த வங்கியின் கொள்கைப்படியே முடிவாகும்.

ஆகவே முதலில் வங்கியின் செயலியிலோ தொலைபேசியிலோ கார்டை முடக்குங்கள். பிறகு, பேசியதோடு நிற்காமல், இன்றைக்கே மின்னஞ்சலும் அனுப்புங்கள். கார்டின் கடைசி நான்கு இலக்கங்கள், தொகை, நேரம், குறுஞ்செய்தியில் உள்ளபடியே அந்த விற்பனையாளரின் பெயர் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, 'இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை' என்று ஒரே வரியில் தெளிவாக எழுதி, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். முழுக் கார்டு எண்ணையோ சி.வி.வி. எண்ணையோ அதில் எழுத வேண்டாம். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள்.

புகார் கிடைத்த பத்து வேலை நாட்களுக்குள் அந்தத் தொகையை வங்கி உங்கள் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். 90 நாட்களுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். இடைப்பட்ட காலத்துக்கான வட்டிச் சுமை உங்கள்மேல் விழக் கூடாது. தவறு உங்களுடையது என்று வங்கி கருதினால், அதை நிரூபிக்கும் பொறுப்பும் வங்கியுடையதுதான். பலர் இதை அறியாமல், தாங்களே குற்றவாளிபோலக் கூனிக் குறுகி நிற்பது வருத்தம் தருகிறது. 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். ஆனால் ஓ.டி.பி.யை நாமே பிறரிடம் சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை நேர்ந்த இழப்பு நம்முடையதே.

ஓ.டி.பி. ஏன் வரவில்லை என்றால், இணையவழிக் கார்டு பரிவர்த்தனைக்கு இரண்டாம் கட்ட உறுதிப்பாடு வேண்டும் என்று 2009 முதல் இந்தியாவில் உள்ள விதி, வெளிநாட்டுத் தளங்களைக் கட்டுப்படுத்துவதில்லை. கார்டு எண், காலாவதித் தேதி, சி.வி.வி. ஆகிய மூன்றையும் கொண்டே பல தளங்கள் பணம் எடுத்துவிடும். புதிய கார்டு வந்ததும், செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை அணைத்து வையுங்கள். தேவைப்படும்போது மட்டும் திறந்து, வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள். உள்நாட்டு இணையப் பயன்பாட்டுக்கும் உங்கள் வழக்கமான செலவை ஒட்டி உச்சவரம்பு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஷாப்பிங் தளங்கள் 'கார்டைச் சேமிக்கவா?' என்று கேட்கின்றன. சம்மதிக்கலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: இந்தியத் தளமாக இருந்தால் பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை. 2022 அக்டோபர் 1 முதல் விற்பனையாளர்கள் உங்கள் கார்டு எண்ணைத் தம்மிடம் வைத்திருக்கக் கூடாது. அதற்குப் பதிலாக, அந்தத் தளத்துக்கென்று உருவாக்கப்பட்ட 'டோக்கன்' என்னும் மாற்றுக் குறியீட்டையே வைத்திருக்கலாம். அது திருடுபோனாலும் வேறு கடையில் செல்லாது. இருந்தாலும், ஒரே ஒரு முறை பொருள் வாங்கும் தளத்தில் சேமிக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. முன்பு சேமித்து வைத்து இப்போது பயன்படுத்தாத தளங்களிலிருந்தும் கார்டை நீக்கிவிடுங்கள்.